உவமையா, உருவகமா, தற்குறிப்பேற்றமா? என் மூன்று விதிகளும் உடைந்துவிட்டன

புதுத்தறி:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தோடு தமிழை விட்டவன் நான். அணி இலக்கணத்தை மனப்பாடம் செய்தேன், தேர்வில் எழுதினேன், அடுத்த வாரமே மறந்தேன். இப்போது பல வருஷம் கழித்துக் கவிதை படிக்க ஆசை வந்திருக்கிறது. எழுதவும் கொஞ்சம் ஆசை.

என்னிடம் மீதமிருந்தவை மூன்று விதிகள்தான். 'போல' வந்தால் உவமை. 'போல' இல்லாமல் ஒன்றை இன்னொன்றாகச் சொன்னால் உருவகம். உயிரில்லாத பொருள் மனிதரைப் போல ஏதாவது செய்தால் தற்குறிப்பேற்றம். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு கவிதைத் தொகுப்போடு உட்கார்ந்தேன். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மூன்றும் உடைந்துவிட்டன. 'போல' இருக்கிறது, ஆனால் அடியில் உவமை இல்லை என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள். 'போல' இல்லை, ஆனால் உவமை என்கிறார்கள்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. நானே எழுதிய நாலு வரி இது, சிரிக்காதீர்கள்:

நினைவுகள் கடலலை போல
நெஞ்சக் கரையில் மோத
கண்ணீர் மழையில் நனைந்து
என்னைப் பார்த்து அழுகிறது இரவு

ஒரு நண்பரிடம் காட்டினேன். "எல்லா அணியும் இருக்கிறது, கவிதையைத்தான் காணோம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது. ஆனால் ஏன் என்று தெரியவில்லை.

குறுக்குச்சந்து:

சிரிக்கவில்லை. கடலலை, கரை, மழை, கண்ணீர். நாலு வரியில் இவ்வளவு தண்ணீரா? குடை எடுத்துக்கொண்டுதான் படித்தேன்.

புதுத்தறி:

சிரிக்கவில்லை என்றீர்களே!

பனையோலை:

தம்பி, முதலில் 'போல' விஷயத்தை முடித்துவிடுவோம். நான் முப்பது வருஷம் தமிழ் வாத்தியார். இந்த மூன்று விதிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

'போல' என்பது ஒரு சொல். அது வந்த இடமெல்லாம் உவமை ஆகாது. 'மழை வரும் போலிருக்கிறது' என்பதில் எதை எதோடு ஒப்பிடுகிறோம்? வெறும் ஊகம் அது. மறுபக்கம், 'போல' இல்லாமலே உவமை வரும். அன்ன, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, நிகர்ப்ப என்று உவம உருபுகள் நிறைய. உருபே வராமலும் உவமை நிற்கும். முதல் குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தெல்லாம் அகரத்தை முதலாக உடையவை என்பது ஒரு வாக்கியம். உலகம் ஆதிபகவனை முதலாக உடையது என்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். 'அதுபோல' என்பதை நாம்தான் நடுவில் போட்டுக்கொள்கிறோம். எடுத்துக்காட்டு உவமை அணி என்று அதற்குப் பெயர்.

ஆகவே சொல்லைத் தேடாதீர்கள். இரண்டு பொருள்கள் இருக்கின்றனவா, அவற்றுக்குப் பொதுவானது என்ன என்று கேளுங்கள். தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அங்கே அந்தப் பொதுத்தன்மை நாலு வழியில் வரும் என்கிறார்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் செய்கை ஒன்று. மழை போலக் கொடுத்தான் என்றால் பயன் ஒன்று. கொடுப்பவன் நனைந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. துடி போன்ற இடை என்றால் வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் நிறம்.

உங்கள் முதல் வரியில் நினைவுக்கும் அலைக்கும் பொதுவானது என்ன?

புதுத்தறி:

திரும்பத் திரும்ப வருவது, ஐயா. அப்படியானால் வினை.

பனையோலை:

சரி. அது பழுதில்லாத உவமைதான். பிழை இல்லை என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. அதை நிழற்குடை அம்மா சொல்வார். எனக்குக் கவிதை எழுத வராது.

தேன்சிட்டு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு அடுத்த மாதம் தேர்வு. 'தேன்தமிழ்' உவமை, 'தமிழ்த்தேன்' உருவகம் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே அர்த்தம்தானே? சொல்லை முன்னும் பின்னும் மாற்றினால் அணியே மாறிவிடுமா?

நிழற்குடை:

நல்ல கேள்வி. மதிப்பெண்ணுக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியது: உவமை முன்னால் வந்தால் உவமைத்தொகை, பொருள் முன்னால் வந்தால் உருவகம். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம். முகமலர் என்றால் முகமாகிய மலர்.

ஆனால் ஏன் என்று கேட்கிறாய். சொல்கிறேன். தமிழில் கூட்டுச்சொல்லின் கடைசிச் சொல்தான் ஆள். முன்னால் வருவது அதற்கு அடைமொழி. மலர்முகம் என்கிறபோது பேச்சு முகத்தைப் பற்றியது, மலர் வந்து அலங்கரித்துவிட்டுப் போகிறது. முகமலர் என்கிறபோது உன் முன்னால் இருப்பது மலர், முகம் காணாமல் போய்விட்டது. அதனால் அடுத்து வரும் வினைச்சொல்லைப் பார். மலர்முகம் சிரிக்கும். முகமலர் வாடும், விரியும், உதிரவும் கூடும். உருவகம் செய்த கவிஞன் அந்தப் பொய்யை வினைச்சொல் வரை இழுத்துக்கொண்டு போகிறான். 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' என்ற குறளில் 'கழிப்பர்' என்று வரவில்லை, 'நீந்துவர்' என்று வருகிறது. பிறவியைக் கடல் என்று சொன்ன பிறகு அதில் நீந்தத்தான் முடியும்.

ஒன்பதாம்படி:

அக்கா, உங்கள் சோதனை அவ்வளவு உறுதி இல்லை. 'தேன்தமிழைப் பருகினேன்' என்று எழுதினால்? உவமைத்தொகைதான், ஆனால் வினை தேனுடையது.

நிழற்குடை:

ஆமாம், மடக்கிவிட்டாய். அங்கே உவமைத்தொகைக்கு மேலே இன்னொரு உருவகம் வினையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். வினையைப் பார்ப்பது நல்ல பழக்கம், நூற்றுக்கு நூறு விதி இல்லை. தேன்சிட்டு, தேர்வில் சொல் வரிசையையே எழுது.

பனையோலை:

அந்தக் குறளில் இன்னொரு நுட்பம். பிறவியைக் கடல் ஆக்கியவர், இறைவன் அடியைத் தெப்பம் என்றோ தோணி என்றோ சொல்லவில்லை. பாதி உருவகம் செய்து பாதியை நமக்கு விட்டுவிட்டார். ஏகதேச உருவகம் என்பார்கள். வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் சட்டென்று "தோணி" என்பார்கள், சொல்லாத சொல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இந்தக் குறளை நான் விரும்பி நடத்துவேன்.

குறுக்குச்சந்து:

நாம் சும்மா பேசுவதிலேயே பாதி உருவகம்தானே? காலம் ஓடுகிறது, மனம் உடைகிறது, விலை ஏறுகிறது, பேச்சு சூடாகிறது. நாற்காலி என்று சொல்லும்போது அதற்குக் கால் முளைத்ததை யாரும் கவனிப்பதே இல்லை. பானைக்குக் கழுத்து, வாய், வயிறு எல்லாம் இருக்கின்றன. ஆங்கிலக்காரன் ஊசிக்குக் கண் வைத்தான், நாம் காது வைத்தோம். காதற்ற ஊசி என்று பட்டினத்தார் பாட்டிலேயே வருகிறது.

நிழற்குடை:

இது கிண்டல் இல்லை, முக்கியமான விஷயம். புதுத்தறியின் வரிகளுக்கு என்ன ஆயிற்று என்பதற்குப் பாதி பதில் இங்கேதான் இருக்கிறது. ஊசியின் காது ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய கண்டுபிடிப்பு. முதலில் கேட்டவர்கள் ஊசியை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருப்பார்கள். இன்று அது வெறும் பெயர். கடலலை போல நினைவு, கண்ணீர் மழை இரண்டும் அந்த வழியில் முக்கால்வாசி தூரம் போய்விட்டவை. தேய்ந்த நாணயம் மாதிரி, செல்லும், ஆனால் முகம் தெரியாது. வாசகருக்கு அலையும் தெரிவதில்லை, மழையும் தெரிவதில்லை. 'வருத்தம்' என்று ஒரு செய்தி மட்டும் போய்ச் சேர்கிறது.

புதுத்தறி:

புரிகிறது அக்கா. ஆனால் எல்லாவற்றையும் யாராவது ஏற்கெனவே சொல்லிவிட்டார்களே? புதிதாக எங்கே போவது?

நிழற்குடை:

குறுந்தொகையில் காதலியின் ஊருக்குப் போக அவசரப்படும் ஒருவன் பேசுகிறான். ஊர் ரொம்ப தூரம், நெஞ்சு தவிக்கிறது. அந்த அவசரத்துக்கு என்ன உவமை சொல்வோம்? வில்லிலிருந்து பாய்ந்த அம்பு, கட்டவிழ்த்த குதிரை. இவன் சொல்கிறான்: ஈரம் பட்ட நிலத்தில் ஓரேர் உழவன் போல.

யோசித்துப் பார். மழை பெய்து மண் பதமாக இருக்கிறது. இந்தப் பதம் போவதற்குள் உழ வேண்டும். நிலம் முழுக்கக் கிடக்கிறது, கையில் ஒரே ஓர் ஏர். அவன் ஓடவில்லை, பாயவில்லை. வெளியே இருந்து பார்த்தால் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருப்பான். அவசரம் முழுக்க உள்ளே. காலம் போதாது என்ற பயமும் தனி ஆள் என்ற இயலாமையும் சேர்ந்த அவசரம் அது. அம்பு இதைச் சொல்லுமா?

இப்போது இதன் அழகைக் கேள். இந்தப் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. அதனால் அவருக்கு அந்த உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள். ஓரேருழவர்.

தேன்சிட்டு:

செம்புலப்பெயல்நீரார் மாதிரி!

நிழற்குடை:

அவரும் அப்படித்தான். 'செம்புலப் பெயல்நீர் போல' என்ற ஒரு தொடர் கொடுத்த பெயர். இப்படிக் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஆசை தன்னைக் கரைப்பதை, வெள்ளத்தில் கல்லில் மோதி மெல்ல மெல்ல இல்லாமல் போகும் சிறுநுரைக்கு ஒப்பிட்டவர் கல்பொரு சிறுநுரையார். தீர்த்துவைக்க ஆள் இல்லாத துன்பத்தை, குப்பைமேட்டில் விலக்கிவிட யாருமில்லாமல் சண்டை போடும் கோழிகளுக்கு ஒப்பிட்டவர் குப்பைக்கோழியார். நற்றிணையில் ஒருவர் இருக்கிறார். பொருள் தேடுவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று கிழிபடும் உடம்பை, இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு என்றார். தேய்புரிப் பழங்கயிற்றினார். இவர்களுடைய ஊர் தெரியாது, வயது தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடச் சிலருக்குத் தெரியாது. உவமை மட்டும் தப்பிப் பிழைத்து வந்திருக்கிறது.

குப்பைக்கோழியில் பெரிய கற்பனை எதுவும் இல்லை, கவனி. யாரும் பார்க்கக்கூடியது. ஆனால் தன் நோயையும் அந்தக் கோழிச் சண்டையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஒன்பதாம்படி:

ஒரு எதிர்க்கேள்வி. செம்புலப் பெயல்நீர் எல்லோரும் கொண்டாடும் உவமை. ஆனால் செம்மண்ணில் மழை விழுந்தால் என்ன ஆகும்? சேறு. கலங்கிய தண்ணீர். காதலுக்கு இது நல்ல உவமையா? நீர் தன் தெளிவை இழந்துவிட்டதே. நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே உறுத்துகிறது.

பனையோலை:

தம்பி, உவமையில் எல்லாம் பொருந்த வேண்டும் என்று தேடினால் ஒன்றும் மிஞ்சாது. முகம் நிலா என்றால் பள்ளம் எங்கே என்று கேட்கக் கூடாது. யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்று பாருங்கள். பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அதைக் கண்டு அவன் சொல்லும் பாட்டு என்று பழைய குறிப்பு சொல்கிறது. என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்தோம் என்று மூன்று தடவை 'நமக்குள் முன்தொடர்பு இல்லை' என்கிறான். பிறகுதான் இந்த உவமை. வானத்துத் தண்ணீருக்கும் இந்த மண்ணுக்கும் முன்தொடர்பு இல்லை. விழுந்த பிறகு பிரிக்க முடியாது. அவளுடைய பயத்துக்கு அதுதான் பதில்.

ஒன்பதாம்படி:

பிரிக்க முடியாது என்பது சரி. ஆனாலும் கொஞ்ச நாளில் மண் தெளிந்து அடியில் தங்கிவிடும் ஐயா. தண்ணீர் ஆவியாகிவிடும்.

குறுக்குச்சந்து:

இவருக்குக் காதல் கடிதம் எழுதுபவர் பாவம்.

பனையோலை:

அதையும் ஒருவர் எழுதலாம். கல்யாணத்துக்குப் பிறகான பாட்டாக எழுதலாம்.

புதுத்தறி:

சரி, உவமையும் உருவகமும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. தற்குறிப்பேற்றம்? என் 'இரவு அழுகிறது' அதில் சேருமா?

பனையோலை:

சேராது. பெரும்பாலோர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். உயிரில்லாத பொருளுக்கு மனிதச் செயலைக் கொடுப்பதெல்லாம் தற்குறிப்பேற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயரைப் பிரியுங்கள்: தன், குறிப்பு, ஏற்றம். இயல்பாக நடக்கிற ஒன்றன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. ஆக, முதலில் இயல்பாக ஏதோ ஒன்று நடக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. 'வாரல் என்பனபோல் மறித்துக் கை காட்ட' என்கிறார் இளங்கோ. வராதே, திரும்பிப் போ என்று கையசைப்பது போல. கொடி எப்படியும் ஆடத்தான் செய்யும். இவர்கள் வந்தாலும் ஆடும், வராவிட்டாலும் ஆடும். ஆடுவதற்குக் காரணத்தை மட்டும் கவிஞர் மாற்றிவிட்டார். உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்தக் கொடி நம் வயிற்றைப் பிசைகிறது.

கவனியுங்கள், இங்கேயும் 'போல்' வருகிறது. ஆனால் இது உவமை அணி அல்ல. உங்கள் முதல் விதி உடைந்த இடம் இதுவாகத்தான் இருக்கும்.

புதுத்தறி:

அதே வரிதான் ஐயா! அதே பக்கம்!

நிழற்குடை:

உன் இரவுக்கு வருகிறேன். இரவு அழுகிறது என்கிறாய். அடியில் என்ன நடந்தது? தூறலா, பனியா, ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியதா? ஒன்றும் இல்லை. நீ அழுதாய், அதை எடுத்து இரவின்மேல் ஒட்டிவிட்டாய். அதனால்தான் நிற்கவில்லை. 'ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது' என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்திருந்தால்கூட வாசகர் தானே அழுகையைக் கேட்டிருப்பார்.

தேன்சிட்டு:

அப்படியென்றால் ஆங்கிலப் பாடத்தில் பர்சானிஃபிகேஷன் என்று வருவது தற்குறிப்பேற்றம் இல்லையா? எங்கள் கையேட்டில் இரண்டும் ஒன்று என்று போட்டிருக்கிறார்கள்.

பனையோலை:

ஒன்றல்ல, உறவினர்கள். மனிதத்தன்மை ஏற்றிச் சொல்வது பரந்தது. தற்குறிப்பேற்றத்தில் அது பெரும்பாலும் இருக்கும், ஆனால் அது மட்டும் போதாது. இரண்டு மொழிக் கலைச்சொற்களுக்கு நடுவே சமன்குறி போடும்போது இப்படித்தான் ஓரத்தில் கிழியும். மெட்டஃபர் உருவகம் என்று சொல்லலாம், ரொம்பக் கிழியாது. ஆகுபெயருக்கு அங்கே இரண்டு மூன்று பெயர்கள் இருக்கின்றன. 'ஊர் சிரிக்கும்' என்றால் ஊரில் உள்ளவர்கள். 'தலைக்கு இரண்டு கொடு' என்றால் ஆளுக்கு இரண்டு. நாம் இரண்டையும் ஆகுபெயர் என்று சொல்லி, இடம், சினை என்று உள்ளே பிரிக்கிறோம். அவர்கள் தனித்தனிப் பெயர் வைக்கிறார்கள். அலமாரி ஒன்றுதான், தட்டுகள் வேறு.

ஒன்பதாம்படி:

இங்கேதான் எனக்கு எரிச்சல். இத்தனை பெயர்கள் எதற்கு? தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில் பொருளணி 35. மாறனலங்காரம் வரும்போது 64. பெயர் கூடக் கூடக் கவிதை கூடியதா? ஓரேருழவர் தண்டியலங்காரம் படித்துவிட்டா எழுதினார்? அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்தது அது. தவளையை அறுத்துப் பெயர் வைத்தால் தவளை செத்துவிடும், அவ்வளவுதான்.

பனையோலை:

கோபத்தில் நியாயம் இருக்கிறது. அணியின் பெயரைக் கேட்டு இரண்டு மதிப்பெண் போடும் வினாத்தாள் எத்தனை பேருக்குக் கவிதையைக் கசப்பாக்கியது என்று எனக்குத் தெரியும், நானே அப்படி வினாத்தாள் தயாரித்தவன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு முறை ஒரு கூட்டத்தில் இரண்டு பேர் கடுமையாகச் சண்டை. நடுவில் ஒரு பெரியவர் எழுந்து, "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரை எறும்பு என்றார், யாரைக் கல் என்றார்? இரண்டு தரப்பும் தங்களைத்தான் எறும்பு என்று நினைத்துக்கொண்டு அமைதியானார்கள்! எனக்கு உடனே பிறிது மொழிதல் என்று தோன்றியது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது. மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அச்சு முறியும், அளவுக்கு மேல் ஏற்றினால் என்ற குறளும் அதுதான். அரசனைப் பற்றி அந்தக் குறளில் ஒரு சொல்லும் கிடையாது. பெயர் தெரிந்திராவிட்டால் அந்தப் பெரியவர் செய்த காரியத்தை நான் கவனித்திருக்கவே மாட்டேன். பழமொழி சொன்னார் என்று போயிருப்பேன்.

ஒன்பதாம்படி:

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 64 வேண்டாம்.

பனையோலை:

எனக்கும் 64 நினைவில் இல்லை. சொல்லிவிடாதீர்கள்.

குறுக்குச்சந்து:

எனக்குப் பிடித்தது சிலேடை ஒன்றுதான். காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் பாடியது. 'மூடித் திறக்கின் முகங்காட்டும்' என்று ஒரு தொடர். கூடையைத் திறந்தால் பாம்பு முகம் காட்டும். எண்ணெய்க் குடத்தைத் திறந்தால் அதில் நம் முகம் தெரியும். காட்டுவது யார் முகம் என்பதில்தான் வித்தையே. 'பிண்ணாக்கு' என்பதைப் பிளந்த நாக்கு என்று எடுத்தால் பாம்பு, புண்ணாக்கு என்று எடுத்தால் எள். இதெல்லாம் கவிதையா விளையாட்டா என்று சண்டை போடலாம். எனக்கு விளையாட்டே போதும்.

வஞ்சப்புகழ்ச்சியும் பிடிக்கும். 'தேவர் அனையர் கயவர்' என்று குறள் ஆரம்பிக்கும். கயவர்கள் தேவர்களுக்குச் சமம்! ஏன்? இரண்டு பேரும் தங்கள் இஷ்டப்படி நடப்பதால். முதல் பாதியைப் படித்துவிட்டு ஒரு கயவர் நன்றி சொல்லிப் போயிருப்பார்.

தேன்சிட்டு:

'அனையர்' உவம உருபுதானே? அப்போ இதுவும் புதுத்தறி அண்ணாவின் முதல் விதியை உடைக்கிறது.

புதுத்தறி:

என் விதியை இனி யாரும் தொட வேண்டாம். அடக்கம் செய்துவிட்டேன்.

எதுகை மோனை பற்றி ஒருவரும் பேசவில்லையே. அது வெறும் ஒலி அலங்காரம்தானா? முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கடைசியில் ஒன்றினால் இயைபு என்பது வரை நினைவிருக்கிறது.

நிழற்குடை:

அலங்காரம் என்று யார் சொன்னது? 341ஆம் குறளை வாய்விட்டுச் சொல்லிப் பார்: 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்.' எதை எதை விட்டு நீங்குகிறோமோ அதனால் துன்பம் இல்லை என்பது பொருள். உதடு ஒரு தடவைகூட ஒட்டாது. இப்போது 350: 'பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு.' சொல்லுக்குச் சொல் உதடு ஒட்டுகிறது. விடச் சொல்லும் குறளில் உதடு விலகியே இருக்கிறது, பற்றச் சொல்லும் குறளில் பற்றிக்கொள்கிறது.

ஒன்பதாம்படி:

வள்ளுவர் திட்டமிட்டுச் செய்தாரா? 1330 குறளில் தேடினால் இப்படி ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். 'பற்று' என்ற சொல்லைத் திரும்பச் சொன்னால் உதடு ஒட்டாமல் என்ன செய்யும்?

நிழற்குடை:

திட்டமிட்டாரா என்று எனக்கு அக்கறை இல்லை. என் உதட்டில் நடக்கிறது. அது போதும்.

புதுத்தறி:

இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சரி, நீங்கள் சொன்னதை எல்லாம் வைத்துக்கொண்டு அந்த நாலு வரியை மறுபடி எழுதினேன். அலை, மழை, இரவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அன்று உண்மையில் என்ன நடந்தது என்று யோசித்தேன். நீண்ட நேரம் பேசிவிட்டு அழைப்பைத் துண்டித்தேன். அவ்வளவுதான்.

பேசி முடித்து
வெகுநேரம் ஆகியும்
சூடு ஆறவில்லை
கைபேசி

தேன்சிட்டு:

நன்றாக இருக்கிறது அண்ணா. ஆனால் இதில் என்ன அணி? உவமை இல்லை, உருவகம் இல்லை.

பனையோலை:

தண்டியலங்காரத்தின் 35 அணிகளில் முதலில் வைக்கப்பட்டது எது தெரியுமா? தன்மை அணி. உள்ளதை உள்ளபடியே சொல்வது. உவமையும் உருவகமும் அதற்குப் பிறகுதான். வெறுமனே சொல்வதையும் ஓர் அணி என்று எண்ணி வரிசையின் தலையில் வைத்தவர்களை 64 பெயர் வைத்தார்கள் என்று திட்டக் கூடாது, ஒன்பதாம்படி.

ஒன்பதாம்படி:

திட்டவில்லை ஐயா. ஆனால் இது உள்ளதை உள்ளபடி மட்டும் சொல்லவில்லையே. அந்தச் சூடு கைபேசியுடையது மட்டும் இல்லை. என்ன பேசினார்கள் என்று சொல்லாமலே தெரிகிறது. சங்கப் பாட்டில் வயலோரத்து மாம்பழத்தை வாளைமீன் கவ்வுகிறது என்று மட்டும் சொல்லி, தலைவன் யாரிடம் போகிறான் என்பதை உணர்த்துவார்களே, அந்தப் பக்கம் சாய்கிறது. நான் அணிப் பெயர் சொல்ல மாட்டேன்.

பனையோலை:

உள்ளுறை என்று நான் சொல்லிவிடுகிறேன். அந்த மாம்பழத்துக்கு, கைபேசிக்கு அல்ல. உள்ளுறை என்றால் மாம்பழம் இன்னார், மீன் இன்னார் என்று ஒவ்வொன்றும் பொருந்தி வர வேண்டும். இங்கே அப்படி இல்லை. உணர்ச்சியைச் சொல்லாமல் ஒரு காட்சியாகவே வைத்துவிடுவதை இன்றைக்குப் படிமம் என்கிறார்களே, அந்தப் பெயர் இதற்குப் பொருந்தும்.

குறுக்குச்சந்து:

எல்லாம் சரி, எந்தக் கைபேசி வெகுநேரம் சூடாக இருக்கும்? பேட்டரியைக் காட்டுங்கள். கவிதைக்கு முன்னால் அது வெடித்துவிடப் போகிறது.

நிழற்குடை:

அவன் விளையாட்டாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறான். 'வெகுநேரம்' பொய். படிக்கிறவர் அந்த இடத்தில் ஒரு நொடி நின்று சந்தேகப்படுகிறார். 'ஆறவில்லை' என்பதும் கொஞ்சம் வேலை செய்யப் பார்க்கிறது. மறுபடி யோசி. உண்மையில் எது சூடாக இருந்தது?

புதுத்தறி:

நேற்று இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். கைபேசி ஐந்து நிமிஷத்தில் குளிர்ந்துவிட்டது. சூடாக இருந்தது காதுதான்.

பேசி முடித்து
வைத்த பிறகும்
சூடாகவே இருக்கிறது
காது

குறுக்குச்சந்து:

ஊசிக்கு நூல் கோத்தாயிற்று.